ஹீலியம் எந்த மாடியில் இறங்கியது

சங்குமேட்டு மக்கள் சார்பில் ஒருவர் பரிசோதனை முடியும்வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஆய்வகத்தில் எல்லாரும் ஒரு வக்கீலையோ ஓய்வுபெற்ற பேராசிரியரையோதான் எதிர்பார்த்தார்கள். வந்தவர் ஐஸ் கம்பெனி நடத்துகிறவர். பெயர் அமலோற்பவம். ஐம்பதைத் தாண்டிய வயது. மூன்று விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர், படகு உரிமையாளர் சங்கத்தின் தலைவர். கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அடுத்து, இங்கே யார் பேச்சு செல்லும் என்று கேட்டார்.

பரிசோதனைக்குப் பொறுப்பு தான்தான் என்று தமயந்தி சொன்னாள். அமலோற்பவம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியானால் உன் பக்கத்திலேயே எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல் என்றார். அன்றே தமயந்திக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வழக்கு ஹீலியம் உலையைப் பற்றியது. விண்மீன்கள் வயதான காலத்தில் ஹீலியத்தை எரித்துத்தான் உயிர் பிழைக்கின்றன. அதே நெருப்பை ஒரு உருக்குக் கூட்டுக்குள் மூட்டிக் காட்டும் உலை ஒன்று சங்குமேட்டுக்குத் தெற்கே கட்டி முடிக்கப்பட்டு, மூட்டப்படாமல் நின்றது. அது எரிந்தால் தென் மாவட்டங்கள் அத்தனைக்கும் மின்சாரம் வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடும். மூன்று வருடமாக மழை பொய்த்த நிலத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

சிக்கல் உலையின் உள்சுவரில் இருந்தது. அந்த வெப்பத்தைத் தாங்கக் கரியை விட்டால் வேறு பொருள் கிடையாது. உலகத்தில் உள்ள எந்தக் கரியிலும் நூற்றில் ஒரு பங்கு சற்றே கனத்த அணுக்கள் இருக்கும். கார்பன்-பதின்மூன்று என்று பெயர். சுவரிலிருந்து உதிரும் அந்தக் கனத்த அணுவுக்குள் ஒரு ஹீலியம் புகுந்துவிட்டால் அது ஆக்சிஜனாக மாறும். மாறும்போது ஒரு நியூட்ரானைத் துப்பும். நியூட்ரான் லேசில் சுவருக்குக் கட்டுப்படாது. சுவரைத் தாண்டும், மண்ணுக்குள் போகும், மனிதர்களுக்குள்ளும் போகும்.

எத்தனை நியூட்ரான் என்பதுதான் கேள்வி. அரசு ஒரு வரம்பு வைத்திருந்தது. கணக்கு அந்த வரம்பைத் தாண்டினால் சங்குமேட்டையும் அதை ஒட்டிய இரண்டு குப்பங்களையும் காலி செய்து, கடல் கண்ணில் படாத ஓர் உள்நாட்டு மேட்டில் குடியேற்ற வேண்டும். தாண்டாவிட்டால் யாரும் நகர வேண்டியதில்லை. நாலாயிரம் பேரின் முகவரி ஒரே ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது தமயந்தியின் வேலை.

முதல் நாளே அமலோற்பவம் கேட்டார். “உலையக் கொஞ்சமா மூட்டிப் பாத்துட வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டுச் சுத்து?”

“கொஞ்சமா மூட்ட முடியாதுக்கா. ஒரு தடவ பத்திக்கிச்சுன்னா உள்ள போட்ட ஹீலியம் தீருற வரைக்கும் அணைக்க முடியாது. தப்பாப் போச்சுன்னா தப்பு நடந்து முடிஞ்சப்புறந்தான் நமக்குத் தெரியும்.”

“சரி. இங்க இருக்க மிஷின்ல ஹீலியத்த எடுத்து அந்தக் கரி மேல எறிஞ்சு பாக்கலாம்லா?”

அதையும் செய்ய முடியாது என்று தமயந்தி விளக்கினாள். உலைக்குள் ஹீலியம் நகரும் வேகம் அணுக்களின் கணக்கில் மிகவும் மெதுவானது. அந்த வேகத்தில் இங்கே எறிந்தால் ஒரே ஒரு நியூட்ரானைக் காண மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உலைக்குள் அப்படியில்லை, எண்ணிக்கையில் அடங்காத ஹீலியம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அதனால் குறுக்கு வழியில்தான் போக வேண்டும்.

“லித்தியம்னு ஒண்ணு இருக்கு. அத ஒரு பைக்குன்னு வச்சுக்கோங்க. பின்சீட்ல ஹீலியம் உக்காந்திருக்கு. இந்த பைக்க வேகமா விட்டு, கரி அணுவ உரசுற மாதிரி ஓட்டுறோம். அந்த நேரத்துல ஹீலியம் இறங்கி கரிக்குள்ள போயிடும். ஓட்டுனவர் மட்டும் பைக்கோட தப்பிச்சு இந்தப் பக்கம் வருவார். நாம அவரத்தான் பிடிக்கிறோம்.”

“அவரப் பிடிச்சு?”

“அவர் வர்ற வேகத்த அளப்போம். ஹீலியம் போய்ச் சேர்ந்த இடம் ஒரு மாடிக்கட்டடம் மாதிரி. எந்த மாடியில இறக்கிவிட்டுட்டு வந்தார்ங்கிறது அவரோட வேகத்துலேயே தெரியும். மேல் மாடின்னா அவருக்குச் செலவு ஜாஸ்தி, மெதுவா வருவார். கீழ் மாடின்னா வேகமா வருவார்.”

அமலோற்பவம் யோசித்தார். பைக் எப்படி மாடிக்குப் போகும் என்று கேட்டார். மேம்பாலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் தமயந்தி. அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

“அந்தக் கட்டடத்துல ஒரு மாடி வாசப்படிக்கு நேரா இருக்குக்கா. அதுல ஹீலியம் சுலபமாத் தங்கும்னா, உலைக்குள்ளயும் அது சுலபமா நுழையும். நியூட்ரான் ஜாஸ்தி வரும். தங்காதுன்னா உங்க ஊருக்குப் பயமில்ல. ஹீலியம் அந்த மாடியில எத்தன தடவ இறங்குதுன்னு எண்ணிப் பாக்குறதுதான் மொத்த வேலையும்.”

அதற்குப் பிறகு அமலோற்பவம் கேள்வி கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். திரையில் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து விழ, வேகத்துக்கு ஏற்பப் புள்ளிகள் குவிந்து மேடுகளாக எழும்பின. நடுநடுவே போனில் ஐஸ் கம்பெனியை நடத்தினார். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ், எந்த மோட்டாருக்கு என்ன கோளாறு என்று இங்கிருந்தே அதட்டினார். கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை.

வாசற்படி மாடிக்குரிய மேடு எழுந்தது. மேலும் எழுந்தது. பரிசோதனையின் முதல் சுற்று முடியும்போது அது தமயந்தி பயந்ததைவிட உயரமாக நின்றது. அதன்படி நியூட்ரான் கணக்கு வரம்பைப்போல இரண்டு மடங்கு.

அவள் அதை யாருக்கும் முடிவாகச் சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றுதான் உலைத் திட்டத்தின் தலைவர் கதிரேசனிடம் சொன்னாள். கதிரேசன் கெட்டவர் இல்லை. பதினைந்து வருடம் அந்த உலைக்காக உழைத்தவர். முகம் வெளிறிப்போய்ச் சரி சரி என்றார். ஆனால் அவருடைய அலுவலகத்திலிருந்து யாரோ வாயைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. சங்குமேடு காலியாகிறது.

அமலோற்பவம் அந்தச் செய்தியை ஆய்வகக் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்தார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது ஆள் இளைத்திருந்தார். ஊர்ச் செய்தியைத் தமயந்தி கேட்காமலே சொன்னார். கூட்டுறவு வங்கி படகுகளுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டு டீச்சர்கள் மாற்றல் வாங்கிவிட்டார்கள். நிச்சயமான ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று; பெண் வீட்டார் அந்த ஊரில் நாளைக்குப் பிள்ளை பிறந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார்களாம். வஸ்தியான் என்பவர் முப்பது வருடம் ஓட்டிய படகை வந்த விலைக்கு அடுத்த ஊர்க்காரனிடம் கொடுத்துவிட்டு, மகள் வீட்டோடு திருப்பூர் போய்விட்டார்.

“கல்லறைத் தோட்டத்த என்ன செய்யன்னு கேக்காங்க” என்றார் அமலோற்பவம். “எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார். தோண்டி எடுத்துட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதா? ஃபாதருக்கும் பதில் தெரியல. உங்க மிஷின்ல அதுக்கு ஏதும் மாடி இருக்கா டாக்டர்?”

தமயந்தி தன் நாற்காலியை அவருக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பழைய தரவுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். எதையோ தேடிப் புரட்டவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் மகள் இழையினி என்ன கேட்டாலும் ம் என்று மட்டும் பதில் வந்தது. ஒரு மத்தியானம் முதல் நாள் எடுத்த படத்தையும் கடைசி நாள் எடுத்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். வைத்தவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மற்ற மேடுகள் எல்லாம் இரண்டு படத்திலும் ஒரே அளவில் இருந்தன. வாசற்படி மாடியின் மேடு மட்டும் முதல் நாளில் குட்டையாகவும் கடைசி நாளில் நெட்டையாகவும் இருந்தது. அணுவின் மாடி இப்படி நாளுக்கு நாள் மாறாது. அது உலகம் உண்டான நாளிலிருந்து அப்படியே இருப்பது. மாறுகிறதென்றால் அதில் வேறு எதுவோ வந்து கலந்திருக்கிறது.

நஸ்ரினைக் கூப்பிட்டாள். பரிசோதனைக்கு வேண்டிய கரித் தகடுகளைச் செய்பவள் நஸ்ரின். சோப்புக் குமிழியின் தோலைவிட மெல்லிதாகக் கனத்த கரியை ஒரு சட்டத்தில் படியவைக்கும் வித்தை அவளுக்குக் கைவந்தது. பயன்படுத்திய தகட்டை வெளியே எடுத்து விளக்கில் பிடித்தார்கள். நடுவில், லித்தியம் விழுந்த இடத்தில், பொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்பு.

“பம்ப் எண்ணெய் மேடம்” என்றாள் நஸ்ரின் மெல்ல. “வெற்றிடக் குழாய்க்குள்ள எண்ணெய் ஆவி கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. லித்தியம் விழுற சூட்டுல அது கரியாப் படிஞ்சிருக்கு. சாதாரணக் கரி.”

சாதாரணக் கரியிலும் ஹீலியம் இறங்கும். அப்போது உண்டாவது வேறு ஆக்சிஜன், வேறு கட்டடம். அந்தக் கட்டடத்தில் ஒரு மாடியிலிருந்து திரும்பி வரும் ஓட்டுநருடைய வேகம், இவர்கள் தேடும் வாசற்படி மாடியிலிருந்து வருகிறவருடைய வேகத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளிகளையெல்லாம் தங்கள் வீட்டுக் கணக்கில் எண்ணியிருக்கிறார்கள். எத்தனை பேரை என்பதுதான் இனித் தெரிய வேண்டும்.

தமயந்தி உடனே சந்தோஷப்படவில்லை. அவளுக்கு மேடு குட்டையாக வேண்டும் என்று இருந்தது. அப்படி வேண்டியிருப்பது அவளுக்கே தெரிந்தும் இருந்தது. வேண்டியதைத் தேடுகிறவர்களுக்கு வேண்டியதே கண்ணில் படும் என்று இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாள். அதனால் இரண்டாவது சுற்றுக்கு ஓர் ஏற்பாடு செய்தாள். குழாய்க்குள் தகட்டுக்குப் பக்கத்தில் திரவ நைட்ரஜனால் குளிர்ந்த ஒரு செப்புப் பலகையை வைத்து எண்ணெய் ஆவியை அதிலேயே உறையவைப்பது, நாள்தோறும் புதுத் தகடு போடுவது, நடுநடுவே வெறும் சாதாரணக் கரித் தகட்டை வைத்து அதன் பங்கைத் தனியாக அளந்து கழிப்பது, பல கோணங்களிலிருந்து பார்ப்பது எல்லாம் வழக்கமானவை. ஒன்று மட்டும் புதிது. நஸ்ரின் எழுதிய நிரல் வாசற்படி மேட்டின் உயரத்தை ஓர் இரகசிய எண்ணால் பெருக்கித்தான் திரையில் காட்டும். அந்த இரகசிய எண்ணை அமலோற்பவம் தன் மனதில் நினைத்துத் தன் கையாலேயே உள்ளே கொடுக்க வேண்டும். வேலை முழுவதும் முடிந்து, தமயந்தி இனி எதையும் மாற்ற மாட்டேன் என்று சொன்ன பிறகு அவர் அதைச் சொல்லலாம்.

“எனக்கு எதுக்கு இது?” என்று கேட்டார் அமலோற்பவம்.

“நான் என்னையே ஏமாத்திக்கக் கூடாதுன்னுதான்க்கா.”

அவர் எல்லாரையும் அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

இரண்டாவது சுற்று மழைக்காலம் முடியும்வரை நடந்தது. மழைக்காலம் என்று பெயர்தான். அந்த வருடமும் தூறலோடு போயிற்று. கதிரேசன் வாரம் தவறாமல் போன் செய்து, எதுவும் கேட்க மாட்டேன், சும்மா கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சங்குமேட்டில் இன்னும் சில வீடுகள் பூட்டப்பட்டன. அமலோற்பவம் இப்போதெல்லாம் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. பிள்ளை என்றே கூப்பிட்டார். ஊரிலிருந்து வரும்போது ஒரு பெட்டி நிறைய ஐஸில் சீலா மீன் கொண்டுவந்து விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்து, இப்படிச் செய், அப்படிச் செய் என்று பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தார்.

ஒரு காலையில் தமயந்தி, இதுதான், இனி எதையும் தொட மாட்டேன் என்றாள். நஸ்ரின் இருந்தாள். கதிரேசன் வந்திருந்தார். அமலோற்பவம் தன் எண்ணைச் சொன்னார். இரண்டே முக்கால். நஸ்ரின் மேட்டின் உயரத்தை அதால் வகுத்தாள்.

வரம்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

கதிரேசன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நஸ்ரின் தமயந்தியின் தோளைப் பிடித்து அழுத்தினாள். தமயந்தி உட்கார்ந்துவிட்டாள். ஊர் தப்பித்தது என்ற நினைப்பு நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அமலோற்பவத்தின் முகம் கண்ணில் பட்டது. அதில் சந்தோஷத்தின் சுவடே இல்லை.

மற்றவர்கள் வெளியே போனதும் அவர் சொன்னார். “மொதல்ல வந்த எண்ணு எங்களுக்குக் கெடுதல். உலைக்காரங்களுக்கும் கெடுதல். ரெண்டாவதா வந்துருக்கது அவங்களுக்கு என்ன வேணுமோ அது. ஊர்ல இத எப்படிச் சொல்லச் சொல்லுத?”

தமயந்தி அதை யோசிக்காமல் இல்லை. உண்மை சில சமயம் பலமானவர்களுக்குச் சாதகமாக வந்து தொலைக்கிறது. அப்போது அது பொய் மாதிரியே தெரிகிறது. எண்ணெய்க் கறையையும் மாடிகளையும் நாலாயிரம் பேருக்கு எப்படி விளக்க?

“உலைய மூட்டுற அன்னைக்கு நான் உங்க ஊர்ல வந்து இருக்கேன்க்கா” என்றாள். “என் மகளையும் கூட்டிட்டு வர்றேன். உலைக்குப் பக்கத்துல எந்த வீடு இருக்கோ அந்த வீட்டுல இருக்கோம்.”

அமலோற்பவத்தின் குரல் அதற்கு முன் அப்படி மாறி அவள் கேட்டதில்லை.

“பிள்ளைய வச்சுச் சத்தியம் பண்ணாத. உன் கணக்கு சரின்னா அது தன்னால நிக்கட்டும். தப்புன்னா அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணிச்சு? எங்க ஊர்ல நாங்க பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இருக்கது வேற வழி இல்லாம. உனக்கு வழி இருக்கு.”

தமயந்தி தலை குனிந்தாள். அப்படியானால் நான் மட்டும் வருகிறேன் என்றாள்.

ஊர்க்கூட்டம் ஏலக் கூடத்தில் நடந்தது. மீன் வாடையும் உப்புக் காற்றும் நிறைந்த சிமெண்டுத் தரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. தமயந்தி அந்தக் கறுப்புப் பொட்டு விழுந்த தகட்டைக் கொண்டுபோயிருந்தாள். இரண்டு படங்களையும் திரையில் காட்டினாள். பைக்கைச் சொன்னாள், மாடியைச் சொன்னாள். கேட்டார்கள். ஆனால் முகங்கள் இளகவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கொந்தளிக்காமல், மரியாதையாகவே கேட்டார். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? உலையைக் கட்டியது யார்? இரண்டும் ஒரே அரசுதானே? ஆமாம் என்றாள் தமயந்தி. வேறு என்ன சொல்ல முடியும்? கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

அப்போதுதான் அமலோற்பவம் எழுந்து முன்னால் வந்தார். மைக்கை வாங்கவில்லை. அவருக்கு அது தேவைப்படாது.

“நான் அங்க இருந்தேன். எல்லா நாளும் இருந்தேன். இந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒரு எண்ண நான் உள்ள போட்டு வச்சிருந்தேன், கடைசி வரைக்கும் அது எவனுக்கும் தெரியாது. இவ ஒண்ணும் ஒளிக்கல. நான் நம்புதேன். என் வீட்ட நான் பூட்டப் போறதில்ல. பூட்டுதவங்க பூட்டிக்கலாம்.”

அவ்வளவுதான் பேசினார். பேசிவிட்டு இறங்கிப் போய் ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரைப் பற்றி யாரிடமோ கேட்கத் தொடங்கிவிட்டார். ஊர் அன்று சாயங்காலம் வரை பேசியது. முடிவில் யாரும் போவதில்லை என்று ஆயிற்று. நீதிமன்றமும் எண்ணை ஏற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து தமயந்திக்கு ஒரு புதுப் பாரம் வந்து சேர்ந்தது. முன்பு எண் தெரியாத பயம். இப்போது எண் தெரிந்த பயம். தன் கணக்கில் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தேகம் இல்லாத முதல் சுற்றிலும்தான் எண்ணெய் படிந்திருந்தது. நாலாயிரம் பேர் தன் ஒரு சொல்லை நம்பி வீட்டில் இருக்கிறார்கள் என்று பல் துலக்கும்போது நினைவு வரும். வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே நிற்பாள்.

உலை மூட்டும் நாள் தை மாதத்தில் வந்தது. தமயந்தி முந்தின நாளே சங்குமேட்டுக்கு வந்து அமலோற்பவத்தின் வீட்டில் தங்கினாள். இழையினியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஊர் முழுக்க நியூட்ரான் எண்ணிகள் வைத்திருந்தார்கள். மாதா கோயில் வளாகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஐஸ் கம்பெனி வாசலில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை, அதில் எண் ஓடும். மேலே வானத்திலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் நியூட்ரான்களால் அது ஒருபோதும் பூஜ்யமாக இருக்காது என்று அவள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். ஊர்க்காரர்கள் அந்தப் பலகைகளை ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

காலையில் படகுகள் கடலுக்குப் போகவில்லை. யாரும் சொல்லாமலே நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தார்கள். தமயந்தி ஐஸ் கம்பெனி வாசலில் பலகைக்கு முன்னால் நின்றாள். மூட்டியாயிற்று என்று கதிரேசனிடமிருந்து செய்தி வந்தது. தெற்கே, சவுக்குத் தோப்புக்கு மேலே தெரிந்த வெள்ளைக் கூம்பில் எந்த மாற்றமும் இல்லை. சத்தம் இல்லை. ஒளி இல்லை. ஒரு விண்மீன் அங்கே உயிர்பெற்றிருந்தது, காகங்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தன.

பலகையில் எண் ஏறியது. மிகக் கொஞ்சம். அவள் எதிர்பார்த்த அளவு. அதற்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்தாள். எண் அங்கேயே ஊசலாடியது. ஏறவில்லை. பள்ளியிலிருந்து ஒருவர் கத்திச் சொன்னார், அங்கேயும் அதேதான். கோயிலிலும் அதேதான். வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியது. ஹீலியம் எரிந்து தீர்ந்துவிட்டது என்று கதிரேசன் போனில் சொன்னார். நீங்கள் சொன்ன எண்ணிலிருந்து நூலிழைகூட விலகவில்லை என்றார்.

ஊர் சத்தம் போட்டுக் கொண்டாடவில்லை. கதவுகள் திறந்தன. பிள்ளைகள் தெருவுக்கு ஓடினார்கள். யாரோ ஒரு படகின் மோட்டாரை இழுத்துப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு இன்னொரு படகு, பிறகு இன்னொன்று. திருப்பூரிலிருந்து வஸ்தியான் அமலோற்பவத்துக்குப் போன் செய்து, தன் படகை வாங்கியவன் திருப்பிக் கொடுப்பானா என்று கேட்டாராம். கொடுக்க மாட்டான், ஆனால் வந்துவிடு, என் படகில் ஒன்றை ஓட்டு என்று இவர் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அமலோற்பவம் சாப்பாடு போட்டார். தமயந்தி காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கூடத்தில் அன்று என்னமோ சொன்னேனே, நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவிருக்கிறது என்றாள் தமயந்தி. நீங்கள் நம்புகிறேன் என்று சொல்லியிருக்காவிட்டால் ஊர் கேட்டிருக்காது, அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று தொடங்கினாள்.

அமலோற்பவம் கையமர்த்தினார்.

“நான் நம்பல பிள்ள.”

தமயந்தியின் கை தட்டில் நின்றது.

“நீ நல்லவள்னு தெரியும். ஒளிக்கலன்னும் தெரியும். அதுக்காக அது சரியா இருக்கணும்னு என்ன இருக்கு? மொத தடவயும் நீ நல்லவளாத்தான இருந்த. அந்த எண்ண உள்ள போடும்போதும் சரி, வெளிய எடுக்கும்போதும் சரி, எனக்கு ஒரு எழவும் புரியல.”

“அப்புறம் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“கடல் இல்லாத அந்த மேட்டுல எங்களக் கொண்டு வச்சா ரெண்டு வருசத்துல ஊரு இல்லாமப் போயிரும். ஆம்பளைங்க குடிச்சே செத்துருவானுங்க. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். இங்க இருந்தா சாவோமா மாட்டோமான்னு தெரியாது. தெரிஞ்ச சாவுக்குத் தெரியாதது மேல்னு தோணிச்சு. அத அப்படியே சொன்னா எவன் இருப்பான்? அதான் நம்புதேன்னு சொன்னேன்.”

தமயந்தி தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஏலக் கூடத்திலிருந்து இன்றுவரை தோளில் சுமந்து திரிந்த அந்த நாலாயிரம் பேரும் மெல்ல இறங்கிப் போவதுபோல் இருந்தது. அவர்களை இங்கே நிறுத்தியது தன் சொல் மட்டும் இல்லை. தான் தவறியிருந்தாலும், தன்னோடு சேர்ந்து அந்தத் தவறைச் சுமக்க ஒருத்தி தெரிந்தே முன்வந்து நின்றிருக்கிறாள். இந்தச் சில வாரங்களும் இவரும் இதே போலப் பல் துலக்கும்போது நின்றிருப்பாரோ?

“இப்பவாவது நம்புறீங்களா?” என்று கேட்டாள். குரலில் சிரிப்பு கலந்துவிட்டது.

“இப்ப எதுக்கு நம்பணும்?” என்றார் அமலோற்பவம். “இப்பதான் தெரிஞ்சு போச்சே.”

பிறகு குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, பெரிய துண்டமாகப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விடும்போது உன் மகளைக் கூட்டிக்கொண்டு வா, படகில் கூட்டிப்போகிறேன் என்றார். தமயந்தி தலையாட்டினாள். வாய் நிறையச் சோறு இருந்தது; பசி இவ்வளவு இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.